நடுவில் ஆள் இல்லாத டீம்

டிங்கருக்குக் கோபம் வந்தால் வாய் திறப்பதற்குள் கை போய்விடும். அது அவனுக்கும் தெரியும், தெருவுக்கும் தெரியும். பட்டறைக்கு வண்டி விட வந்தவர்கள்கூட, "இன்னும் நாளாகுமாப்பா?" என்று கேட்பதற்கு முன்னால் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள்.

வாலிபத்தில் அவன் மில் ஃபுட்பால் டீமுக்கு நடுக்களத்தில் ஆடினான். நூல்மில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பந்தை அழகாக ஆடுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். எதிராளியிடமிருந்து அதைப் பிடுங்கி அவர்களிடம் கொடுப்பது அவன் வேலை. அவன் குறுக்கே விழுந்தால் பந்து ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவான். துறைமுகக் கிளப்போடு நடந்த ஒரு ஆட்டத்தில் ரெஃப்ரி சிவப்பு அட்டையைத் தூக்கினார். தூக்கிய கை இறங்குவதற்குள் அவன் முஷ்டி அவர் தாடையில் இறங்கிவிட்டது. ஆயுசுக்கும் ஆடக் கூடாது என்று சங்கம் தடை போட்டது. அன்றைக்கு அவன் அப்பா அவனை பெல்ட்டால் விளாசித் தள்ளினார். ரெஃப்ரியை அடித்ததற்காக இல்லை, தடை வாங்கிக்கொண்டு வந்ததற்காக. அந்த வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாமே கையால்தான் நடந்தது.

அதற்கப்புறம் பட்டறைதான் அவனுக்குப் போக்கிடம். நசுங்கிப்போன கார்க் கதவை உள்பக்கம் இரும்புக் கட்டையால் முட்டுக்கொடுத்து, வெளிப்பக்கம் சுத்தியலால் தட்டித் தட்டி, எங்கே அடிபட்டது என்று சொந்தக்காரனே தேடும்படி நிமிர்த்திவிடுவான். "இரும்பை அடிச்சா யாரும் கேஸ் போட மாட்டாங்க" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

கல்யாணம் என்று ஒன்று அவன் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தான். அக்கா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன், போனவன்தான். அவன் விட்டுப்போன பிள்ளைக்குத் தோள் மேல் சவாரி, காய்ச்சலுக்கு மருந்து, பள்ளிக்கூடத்தில் கையெழுத்து எல்லாம் தாய்மாமன்தான். பட்டறைக்குப் பின்னால் பழைய டயர்களை அடுக்கி, அவற்றின் ஓட்டை வழியாகப் பந்தை அனுப்பச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். அந்தப் பிள்ளை வளர்ந்து மில் டீமின் நடுக்களத்துக்கு வந்தான். ஒல்லி உடம்பு, இங்கே இருந்தான் என்று பார்த்தால் அங்கே இருப்பான். குருவி என்று பேர் வைத்துவிட்டார்கள். மாமனுக்கும் மருமகனுக்கும் ஒரே வித்தியாசம், குருவி யாரையும் தொடமாட்டான். தொடவேண்டிய அவசியமே அவனுக்கு வராது.

பட்டறையில் டிங்கரோடு வேலை பார்த்தவன் பெயிண்டர். இவன் நிமிர்த்திக் கொடுப்பதற்கு அவன் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, ஸ்ப்ரே அடிப்பான். வேலையில் ஒரு வார்த்தை முரண் கிடையாது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் மட்டும் யுத்தம். பெயிண்டர் துறைமுகக் கிளப்பின் வெறியன். அவன் ஸ்ப்ரே கன்னில்கூட துறைமுகத்தின் நீலக் கலர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. கறிக்கடைக்காரன் தன் வேனின் பின்கதவைச் சரிபண்ணக் கொண்டுவந்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனும் டிங்கரோடு மில் டீமில் ஓரத்தில் ஓடி ஆடியவன். இப்போது மில் ரசிகர்களுக்கு அவன்தான் தலை. மாட்டுத் தொடையை ஒரே வெட்டில் பிளக்கிற கை. இரண்டு பேரும் சேர்ந்து அடித்த ஆட்களுக்கும், சேர்ந்து படுத்த லாக்கப்புக்கும் கணக்கில்லை.

"முன்னால இருக்கறவனுங்க குதிரை மாதிரி ஓடறானுங்க" என்று பெயிண்டர் புலம்பினான். "பின்னால இருக்கறவனுங்க சுவர் மாதிரி நிக்கறானுங்க. நடுவுல? நடுவுல காத்துதான் அடிக்குது. கோல்கீப்பர் உதைச்சா பந்து தலைக்கு மேல போகுது, திரும்பவும் தலைக்கு மேலயே வருது. பார்க்கற எங்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்."

"ஏன், நடுவுல மூணு பேரை நிக்க வெச்சிருக்கீங்களே. அவனுங்க யாரு, கிளப் தலைவரோட மாப்பிள்ளைகளா?" என்று டிங்கர் சீண்டினான்.

"ஒருத்தனுக்கு ஓட வராது. ஒருத்தனுக்கு நிக்க வராது. மூணாமவனுக்கு ரெண்டும் வரும், பந்துதான் வராது."

டிங்கர் வாய்விட்டுச் சிரித்தான். "உங்களுக்கு வேண்டியது பந்தைப் பிடுங்கறவன்டா. என்னை மாதிரி ஒருத்தன்."

"வேணாம்ப்பா. ரெஃப்ரிக்கெல்லாம் குடும்பம் இருக்கு."

கறிக்கடைக்காரனுக்குப் புரையேறிவிட்டது. அதோடு நின்றிருந்தால் அன்றைய பொழுது சிரிப்போடு போயிருக்கும். பெயிண்டர் விடவில்லை.

"பிடுங்கறவன் எங்க வேணும்னாலும் கிடைப்பான். பந்து கால்ல படறதுக்கு முன்னாடியே அதை யாருக்குத் தரணும்னு தெரிஞ்சவன் வேணும். அப்படி இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே ஒருத்தன்தான் இருக்கான். உன் அக்கா மகன்."

கறிக்கடைக்காரன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"வருஷா வருஷம் உங்களுக்கு இதே பிழைப்பு" என்றான் டிங்கர். குரல் இன்னும் ஏறவில்லை. "சேத்துல கிடந்தவனைக் கண்டெடுத்து, கால்ல ஷூ மாட்டி, ஆளாக்கறது நாங்க. நல்லா ஆட ஆரம்பிச்சதும் கொத்திக்கிட்டுப் போறது நீங்க. எங்க கோலியைக் கொண்டுபோனீங்க. அவன் உங்க பெஞ்சுல உட்கார்ந்து உட்கார்ந்து தொந்தி போட்டுட்டான். சரி, அவனுக்குப் பதிலா எங்க கோல்ல இப்ப யாரு நிக்கறான் தெரியுமா? பால் வேன் டிரைவர். அவனுக்கு டூட்டி இருந்தா அதுவும் இல்ல."

"அதைத்தானே நானும் சொல்றேன். மில்லையே மூடியாச்சு. ஸ்டாண்டுல பாதிக் கூரை காத்துல பறந்துபோச்சு. உங்க டீம் பஸ்ஸைப் போன மாசம் நான்தான் பின்னால நின்னு தள்ளிவிட்டேன். அந்தக் குழிக்குள்ள கிடந்து அவன் என்ன ஆகப்போறான்? பெரிய இடத்துக்குப் போனா அவனுக்கும் நல்லது, எங்களுக்கும்..."

முடிக்கவில்லை. பட்டி டின் பறந்துவந்து அவன் காதோரம் சுவரில் மோதிச் சிதறியது. அடுத்த மூச்சில் டிங்கரின் கை அவன் கழுத்துப் பட்டையில் இருந்தது. பெயிண்டரின் கால் தரையை விட்டு எழும்பியது.

"கேட்டுக்கோ. அவன் அந்தப் பக்கம் கால் வெச்சான்னா, அந்தக் காலை நானே ஒடைச்சுப் போடுவேன்."

"அப்படிச் சொல்லு டிங்கரு!" என்று கறிக்கடைக்காரன் தொடையில் தட்டினான்.

டிங்கர் பிடியை விட்டான். பெயிண்டர் சட்டையை உதறிக்கொண்டு, "பட்டி டின் முதலாளியோடது" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சுவரைத் துடைத்தார்கள். அவர்களுக்குள் அது புதிதில்லை.

அன்று வீட்டுக்குப் போனபோது குருவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். மாமன் கைகழுவி உட்காரும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னான்.

"மாமா, துறைமுகத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். இந்த சீசன் முடிஞ்சதும் போறேன்."

அறை விழுந்த சத்தத்தில் அடுப்படியிலிருந்து அக்கா ஓடிவந்தாள். குருவி கன்னத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொண்டால் வலித்ததாக ஆகிவிடும் என்பது போல நின்றான்.

"நான் சொல்றதைக் கேளு மாமா. போன வெளியூர் மேட்சுல நாங்க ஒன்பது பேர்தான் இறங்கினோம். என் முட்டி வீங்கினப்ப ஊசி போட்டது யாரு தெரியுமா? மாட்டு டாக்டர். கறிக்கடை அண்ணன் கூட்டிட்டு வந்தாரு. நான் பாஸ் குடுத்தா வாங்கறதுக்கு அங்க ஆள் இல்ல மாமா. காலி இடத்துக்குக் குடுத்துட்டு நானே ஓடிப்போய் எடுக்கறேன். எத்தனை நாளைக்கு ஓடுவேன்?"

டிங்கர் மறுபடி கையை ஓங்கினான். அந்தக் கையில் அக்கா கரண்டியால் அடித்தாள். கொதிக்கும் குழம்பில் இருந்து எடுத்த கரண்டி. புறங்கையில் தோல் வெந்துவிட்டது.

"நம்ம அப்பன் கையும் இப்படித்தான் நீண்டுச்சு" என்றாள். "அதைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தேன், வேற வழியில்லாம. இது என் வீடு. இனிமே என் பிள்ளை மேல கை வெச்சே, மாடியைக் காலி பண்ணிக்கோ."

அவன் சாப்பிடாமல் மேலே போய்விட்டான். விஷயம் எப்படியோ தெருவில் கசிந்தது. டிங்கர் யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்து என்று ஒன்று போட்டால் அது ஒரு இடத்தில் நிற்குமா? கறிக்கடைக்காரன் ஒரு நாள் பட்டறைக்கு வந்து, "கேள்விப்பட்டது நிஜமா?" என்று கேட்டான். டிங்கர் ஒரு கார் பானட்டைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தான். அதுவே பதிலாகப் போயிற்று.

சீசனின் கடைசி ஆட்டம் துறைமுகத்தோடு. மில் மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை வெயிலில். ஒரு டிரா கிடைத்தால் போதும், மில் டீம் லீகில் தப்பிக்கும். தோற்றால் கீழே. கீழே போனால் அடுத்த வருஷம் டீமே இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும்.

குருவி அன்றைக்கு ஆடியது போல் டிங்கர் அதற்குமுன் பார்த்ததில்லை. துறைமுகத்தின் மூன்று நடுக்களக்காரர்களும் அவனைச் சுற்றிப் பம்பரமாய்ச் சுழன்றார்கள். ஒருவன் முழங்கையால் மூக்கில் குத்தினான். குருவி ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஆடினான். கோல் இல்லாமலே ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. ஸ்டாண்டில் ஜனங்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள்.

அப்போதுதான் அது நடந்தது. எதிராளிகள் நெருக்கியதும் குருவி பந்தைத் தன் கோலிக்குத் திருப்பிவிட்டான். பால் வேன் டிரைவர் முன்னேறி வந்திருக்க வேண்டும். அவன் நின்ற இடத்திலேயே நின்றான். பந்து மண்ணில் வேகம் செத்து நடுவழியில் நின்றது. துறைமுகத்துக்காரன் புகுந்து, வெறும் கோலுக்குள் தள்ளிவிட்டான்.

யாரோ ஒருவன், "வித்துட்டான்!" என்று கத்தினான். அந்த ஒரு வார்த்தை பெட்ரோலில் விழுந்த தீ போல ஸ்டாண்ட் முழுக்கப் பற்றிக்கொண்டது. பெஞ்சுகள் பெயர்ந்தன. பலகைகள் பறந்தன. கல், செருப்பு, பாட்டில். துறைமுக ரசிகர்கள் பக்கம் இருந்த கம்பி வேலி அப்படியே சாய்ந்தது. அதன் அடியில் சிக்கியவர்கள் மேல் ஏறிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். ஒரு கிழவர் காதிலிருந்து ரத்தம் வழிய, என்ன நடந்தது என்றே தெரியாமல் உட்கார்ந்த இடத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். டிங்கரும் கத்தினான். "துரோகி! துரோகி!" என்று தன் அக்கா மகனைப் பார்த்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான். கையில் இருந்த பலகையை மைதானத்தைப் பார்த்து வீசவும் செய்தான்.

வீசிய பிறகுதான் கண்ணில் பட்டது. கறிக்கடைக்காரனும் நாலைந்து பேரும் ஸ்டாண்டின் படி வழியாக, ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கையில் கார்னர் கொடி கட்டியிருந்த இரும்புப் பைப்.

அவன் பாய்ந்தான். ஆனால் படியில் ஜனங்கள் மூட்டை போல அடைந்துகிடந்தார்கள். முட்டியால் இடித்து, பல்லால் கடித்து, ஆட்களின் தோள் மேல் ஏறித்தான் அவனால் கீழே இறங்க முடிந்தது.

உடை மாற்றும் அறையில் தண்ணீர்க் குழாய் உடைந்து தரையெல்லாம் வெள்ளம். குருவி சுவரோரம் கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் ஜன்னல் வழியாகத் தப்பியிருந்தார்கள்.

கறிக்கடைக்காரன் திரும்பினான். முகத்தில் குற்றம் செய்தவனின் பதற்றம் எதுவும் இல்லை. "என்ன டிங்கரு, லேட்டு? நீ சொன்னதைத்தான் செஞ்சோம்."

டிங்கர் அடித்த முதல் அடியில் கறிக்கடைக்காரனின் உதடு கிழிந்து பல் வெளியே வந்தது. பைப் வைத்திருந்தவன் ஓடிவந்து டிங்கரின் வலது கையில் போட்டான். விரல்கள் நொறுங்குகிற சத்தம் அவனுக்கே கேட்டது. அந்தக் கையாலேயே மறுபடி அடித்தான். பைப்பைப் பிடுங்கி, வைத்திருந்தவன் விலாவில் சொருகினான். மற்றவர்கள் சிதறினார்கள். கறிக்கடைக்காரன் தலையைக் குனிந்துகொண்டு மாடு முட்டுவது போல் வந்து அவன் வயிற்றில் மோதினான். இரண்டு பேரும் வழுக்கி விழுந்து, தண்ணீரில் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் கண்ணை ஒருவன் தோண்டப் பார்த்தான். ஒருவன் காதை ஒருவன் கடித்தான்.

"மாமா" என்று குருவி கூப்பிட்டான். "மாமா, என்னைத் தூக்கு மாமா."

டிங்கருக்கு அது கேட்டது. கேட்டும் விடவில்லை. அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது கறிக்கடைக்காரனின் கழுத்து மட்டும்தான். ஒரு புரளலில் இரண்டு மலைபோன்ற உடம்புகளும் சேர்ந்து குருவியின் காலின் மேலேயே விழுந்தன. குருவி அலறியது மனிதக் குரல் போலவே இல்லை. அப்போதும் டிங்கர் எழுந்திருக்கவில்லை. கறிக்கடைக்காரனின் தலையைத் தரையில் மோதிக்கொண்டே இருந்தான்.

இடிந்த வேலியைத் தாண்டி, நீலச் சட்டையோடு மில் கூட்டத்துக்குள் புகுந்து, அதற்கான உதையை வழியெல்லாம் வாங்கிக்கொண்டு பெயிண்டர் அங்கே வந்து சேர்ந்தான். ஒரு பெஞ்சுக் காலால் டிங்கரின் பிடரியில் ஓங்கிப் போட்டான். டிங்கர் சரிந்தான். பெயிண்டர் குருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், ஸ்ட்ரெச்சரில் கிடந்த குருவியின் பக்கத்தில் அக்கா தன் வேலைச் சீருடையிலேயே உட்கார்ந்திருந்தாள். டிங்கர் கையில் கட்டோடு சற்றுத் தள்ளி நின்றான். டாக்டர் வந்து சொன்னார்:

"கீழ எலும்பு ஒடைஞ்சிருக்கு. அது கூடிடும், அது மட்டும்னா திரும்ப ஆடக்கூட ஆடலாம். முட்டிதான் போச்சு. நொறுங்கிடுச்சு. ஒடைஞ்ச கால் மேல ஏதோ பெரிய பாரம் விழுந்திருக்கு. நடக்க வைக்க முடியும். ஆட்டத்தை மறந்துட வேண்டியதுதான்."

"யாரு விழுந்தது?" என்று அக்கா தன் மகனைக் கேட்டாள். குருவி கண்ணை மூடிக்கொண்டான். தம்பியைப் பார்த்தாள். டிங்கர் தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரெஃப்ரியை அடித்த அன்றைக்குக்கூட அவன் கண் இப்படிக் கீழே போனதில்லை.

துறைமுகக் கிளப் கையெழுத்தை ரத்து செய்துவிட்டது. சங்கம் மில் டீமை லீகிலிருந்தே தூக்கிவிட்டது. கறிக்கடைக்காரன் தாடையைக் கம்பியால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் மச்சான் பட்டறைக்குத் தூது வந்தான்.

"ரெண்டு பக்கமும் அடிச்சாச்சு, ரெண்டு பக்கமும் வாங்கியாச்சு. கூட்டத்துல யாரு அடிச்சாங்கன்னு தெரியலைன்னு நீங்க சொல்லிடுங்க. எங்காளும் உங்களைப் பத்தி வாயைத் திறக்க மாட்டாரு."

"அவருக்கு வாயைத் திறக்கவே முடியாதே, கம்பி போட்டிருக்கில்ல" என்றான் பெயிண்டர்.

டிங்கர் சிரிக்கவில்லை. "போலீஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன். போய்ச் சொல்லு."

மறுநாள் காலையில் ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். பட்டறையில் நின்ற வண்டிகளின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகச் சிதறின. முதலாளி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டார். டிங்கரின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. இடது கையில் சுத்தியலை எடுத்தான். முதலில் வந்தவனின் தோள்பட்டை இறங்கியது. இரண்டாவது ஆள் அவன் முதுகில் சங்கிலியால் வீசினான். பெயிண்டர் ஸ்ப்ரே கன்னோடு முன்னால் வந்து, எதிரே இருந்த முகங்களில் எல்லாம் நீலத்தை அடித்தான். கண்ணைப் பிடித்துக்கொண்டு அலறியவர்களை வரிசையாக உதைத்து வெளியே தள்ளினான். அதற்குள் ஒருவன் அவன் தொடையில் கத்தியை இறக்கியிருந்தான். தரையில் தின்னர் வாடையோடு ரத்தமும் நீலமும் கலந்து ஓடியது.

டிங்கர் தன் சட்டையைக் கிழித்து அந்தத் தொடையைக் கட்டினான். கட்டும்போது அவன் தோள் குலுங்கியது.

"எதுக்கு அழறே? தொடைதானே" என்றான் பெயிண்டர்.

"அன்னிக்கு அவன் என்னைக் கூப்பிட்டான். தூக்குன்னான். நான் தூக்கல. நாங்க உருண்டது அவன் கால் மேலதான். முட்டியை ஒடைச்சது நான்."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றான் பெயிண்டர்.

பெயிண்டரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு டிங்கர் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். யார் யார் படியில் இறங்கினார்கள், யார் பைப் வைத்திருந்தார்கள் என்று பார்த்ததைச் சொன்னான். தான் அடித்ததைச் சொன்னான். முட்டி எப்படிப் போயிற்று என்பதையும் சொன்னான். அது கேட்கப்படாத கேள்வி. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்திவிட்டு, "இதைச் சொல்லணும்னு அவசியமில்லையேப்பா" என்றார்.

"எழுதுங்க சார்."

கோர்ட்டில் அது சத்தமாக வாசிக்கப்பட்டபோது அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். கறிக்கடைக்காரனுக்கும் கூட்டாளிகளுக்கும் தண்டனை கிடைத்தது. டிங்கருக்கும் கிடைத்தது.

ஜெயிலிலும் அவனைச் சும்மா விடவில்லை. கறிக்கடைக்காரனுக்கு வேண்டியவன் ஒருவன் குளிக்கும் இடத்தில் கூர்தீட்டிய ஸ்பூனால் அவன் கழுத்தில் கீறினான். டிங்கர் அவனைச் சுவரில் வைத்து அழுத்தினான். குத்துவதற்கு அவன் வலது கை இனி உதவாது. விரல்கள் கோணிப்போய், ஒரு டம்ளரைப் பிடிப்பதற்கே பாடாய்ப் பட்டன. இடது கை இருந்தது, ஓங்கியும்விட்டான். ஓங்கிய கையோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்த ஆளைத் தள்ளிவிட்டு வார்டரைக் கூப்பிட்டான். பயந்துவிட்டான் என்று ஜெயில் முழுக்கப் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டான்.

பெயிண்டர் மட்டும் தவறாமல் பார்க்க வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, துறைமுகம் இன்னொரு சின்ன கிளப்பிலிருந்து ஒரு நடுக்களக்காரனைக் கொண்டுவந்திருப்பதையும், அவன் ஒன்றுக்கும் உதவாததையும், அந்தச் சின்ன கிளப் இப்போது பதினோரு பேருக்கே திண்டாடுவதையும் சொன்னான்.

"பாவம்டா அவனுங்க" என்றான் டிங்கர்.

பெயிண்டர் அதிசயமாகப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் இன்னொரு டீமுக்காக டிங்கர் பாவம் என்று சொல்லி அவன் கேட்டதில்லை. மில் மைதானத்தில் லாரிகள் நிறுத்துகிறார்கள் என்றும், குருவிக்குத் துறைமுக வாசலில் லாரி எடை போடும் மேடையில் வேலை கிடைத்திருக்கிறது என்றும் அவன்தான் சொன்னான். அக்காவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நல்லா இருக்காங்க" என்று நிறுத்திக்கொள்வான்.

வெளியே வந்ததும் டிங்கர் பெயிண்டர் வீட்டில் தங்கினான். சில நாள் தயங்கித் திரிந்துவிட்டு, ஒரு சாயங்காலம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினான்.

திறந்தது குருவி. கையில் ஊன்றுகோல். முகம் சதைபிடித்து, ஆளே கொஞ்சம் பெரியவனாகத் தெரிந்தான். உள்ளே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கு நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா மாமா?" என்று குருவி கேட்டான். "போலீஸ்ல எல்லாம் சொன்னே. அதை மட்டும் சொல்லல."

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு சத்தம், அவ்வளவு தண்ணீர். யாரும் நம்பியிருப்பார்கள்.

"கேட்டுச்சு" என்றான் டிங்கர்.

ஊன்றுகோல் அவன் நெற்றியில் இறங்கியது. அடுத்தது தோளில். யார் மேலும் கை வைத்திராத குருவி, ஒற்றைக் காலில் சுவரில் சாய்ந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க அடித்தான். அடித்துக்கொண்டே அழுதான். டிங்கர் கையைத் தூக்கி மறைத்துக்கொள்ளவில்லை. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் போனது. ஊன்றுகோல் முறிந்து, பிடிமானம் போய்க் குருவி முன்னால் சாய்ந்தபோதுதான் டிங்கர் கையை நீட்டினான். கோணல் விரல்களால் அவனை அக்குளில் தாங்கித் தூக்கி நிறுத்தினான். குருவி அவனை உதறவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்துவிட்டாள். வாசலில் ரத்தத்தைப் பார்த்ததும், "ஐயையோ, போலீஸைக் கூப்பிடவா அக்கா?" என்று பதறினாள்.

அக்கா மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதிலிருந்து ரத்தம் மகன் சட்டையில் சொட்டுவதையும் பார்த்தாள்.

"வேணாம்மா. என் தம்பிதான், வந்திருக்கான்" என்றாள். பிறகு அவனிடம், "செருப்பைக் கழட்டிட்டு வா. தரை இப்பதான் துடைச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.